வெள்ளவத்தை வகுப்பும் மலர் அக்காவின் பரீட்சையும்

1

நான் வெளிநாட்டில் இருக்கிறேன் என்று சொன்னால் விருதுநகரில் யாரும் ஒத்துக்கொள்வதில்லை. "கொழும்பெல்லாம் ஒரு ஃபாரினாடி?" என்று எங்கள் சித்தி ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் நாலு பேர் கேட்கச் சொல்லுவார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மதுரையில் விமானம் ஏறி, கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் இறங்கச் சொல்லிவிடுகிறார்கள். இங்கே பனி கிடையாது. கம்பளிச் சட்டை போட்டுப் படம் எடுத்து அனுப்ப வழியில்லை. ஊருக்குப் போகும்போது சாக்லேட் வாங்கிப் போனால்கூட, "இது நம்ம பஜாரிலேயே கிடைக்குதே" என்கிறார்கள்.

இந்த மாதத்தோடு நான் கொழும்பு கொட்டாஞ்சேனைக்கு வாழ வந்து பதினோரு வருடம் முடிகிறது. என் கணவர் குமரனின் தாத்தா காலத்திலேயே அவர்கள் குடும்பம் எங்கள் பக்கத்திலிருந்து வந்து புறக்கோட்டையில் மிளகாய், பருப்பு மொத்த வியாபாரம் தொடங்கிவிட்டது. நாம் வற்றல் என்பதை இங்கே செத்தல் மிளகாய் என்கிறார்கள். வந்த புதிதில் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு அதைக் குழம்பில் போடவே எனக்கு மனம் வரவில்லை. இப்போது என் வாயிலும் செத்தல்தான் வருகிறது.

பதினோரு வருடத்தில் என்ன சாதித்தாய் என்று சித்தி கேட்டால் சொல்வதற்கு இந்த வருடம் என்னிடம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

வாரத்தில் மூன்று பகல்கள் வெள்ளவத்தையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒரு ஒழுங்கையில், போட்டோக் கடை ஒன்றுக்கு மேல் மாடி அறை. ஜன்னலைத் திறந்தால் ரயில் சத்தம், மூடினால் வேர்வை. பத்துப் பெண்கள் உட்காரலாம். பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள். எல்லோரும் எங்கேயோ போவதற்காகப் படிக்கிறார்கள். ஒருத்திக்குக் கனடாவில் மாப்பிள்ளை, ஒருத்திக்கு நோர்வேயில் அண்ணன், ஒருத்திக்கு லண்டனில் கணவர். போவதற்காகப் படிப்பவர்களுக்கு, வந்து தங்கிவிட்டவள் நான் பாடம் நடத்துகிறேன். குமரன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

என் வகுப்பில் அவர்களுக்குப் பிடித்த பாடம், ஒரே மாதிரி ஒலித்து வேறு வேறு பொருள் தரும் சொற்கள்தான். நான் ஒரு ஒலியைச் சொல்வேன். அந்த ஒலியில் எத்தனை சொற்கள் உண்டோ அத்தனையையும் எழுத்துக் கூட்டிச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியமும் சொல்ல வேண்டும். எழுதக் கூடாது. எல்லாம் வாயால்தான். எழுதிக் காட்டுவதென்றால் நம் பெண்கள் அழகாக எழுதிக் காட்டிவிட்டு வாயே திறக்க மாட்டார்கள். அதனால் இந்தச் சட்டம்.

'சன்' என்பேன். மகன் ஒருத்தி, சூரியன் ஒருத்தி. 'மீட்' என்பேன். இறைச்சி, சந்திப்பு. 'ஃப்ளவர்' என்றபோது தர்ஷினி எழுந்தாள். இருபதுகளில் இருக்கும் துடுக்கான பெண், கனடா மாப்பிள்ளை அவளுக்குத்தான். மாப்பிள்ளை பூவோடு வருவார், நான் மாவோடு நிற்பேன் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, "அங்க போனாலும் புட்டு அவிக்கத்தானே வேணும் ரீச்சர்" என்று தமிழில் முடித்தாள்.

ஒருநாள் இவர்களுக்குத் தைரியம் ஊட்டுவதற்காக, "ல, ள, ழ மூன்றையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த ஜாதி நாம். நமக்கு இங்கிலீஷ் எம்மாத்திரம்?" என்று சவடாலாகச் சொன்னேன்.

தர்ஷினி விடவில்லை. "ரீச்சர், நாங்களும் பிரிச்சுச் சொல்லுறேல்லை. நீங்களும் வாளப்பளம் எண்டுதான் சொல்லுறியள்."

வகுப்பே சிரித்தது. எங்கள் ஊர்ப் பெருமையை நான் அன்றைக்கு அதற்கு மேல் பேசவில்லை.

சிரித்தவர்களில் கடைசி பெஞ்சில் இருந்த மலர் அக்காவும் ஒருவர். ஐம்பதைத் தொட்டவர். வெள்ளவத்தையிலேயே ஒரு அறை எடுத்துத் தனியாக இருக்கிறார், பிள்ளைகள் இல்லை. சேலைக்கு பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறார். கணவர் லண்டன் போய்ப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. அங்கே இருப்பதற்கு அனுமதி கிடைக்கவே அவருக்கு இத்தனை காலம் எடுத்தது. இப்போதுதான் மனைவியைக் கூப்பிட வழி பிறந்திருக்கிறது. அதற்கு மனைவி சின்னதாக ஒரு ஆங்கிலப் பேச்சுப் பரீட்சை பாஸாக வேண்டும். நேரில் ஒருவர் கேள்வி கேட்பார், பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

'வெயிட்' என்று நான் சொன்ன நாளில் மலர் அக்காதான் எழுந்தார். இரண்டு சொல்லையும் தப்பில்லாமல் எழுத்துக் கூட்டினார். பிறகு, பன்னிரண்டு வருடமாகக் காத்திருக்கிறேன், ஆனால் என் எடை அப்படியே இருக்கிறது என்று ஒரே வாக்கியத்தில் இரண்டையும் வைத்துச் சொன்னார். எனக்குக் கைதட்டத் தோன்றியது, தட்டினேன்.

இவ்வளவு நன்றாகப் பேசுகிற மனுஷி அந்தச் சின்னப் பரீட்சையில் இரண்டு தடவை தோற்றிருந்தார். ஏன் என்று எனக்கு விளங்கவே இல்லை.

3

நடுவில் என் பாட்டையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பரீட்சை எழுதாவிட்டாலும் நானும் விசாவுக்கு வரிசையில் நிற்பவள்தான். கல்யாணம் செய்து வந்தவள் என்றாலும் தவணை முடிய முடியப் போய் நீட்டித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே படம், அதே படிவம், அதே மின்விசிறி. கடைசியாகப் போனபோது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், "கொஹெந்த?" என்று கேட்டார். எங்கிருந்து என்று சிங்களத்தில் கேட்கிறார். நான் யோசிக்காமல், "கொட்டாஞ்சேனை" என்றேன். அவர் என் இந்தியக் கடவுச்சீட்டைத் தூக்கி எனக்கே காட்டிச் சிரித்தார். வீட்டுக்கு வந்து சொன்னதும் குமரன் அதை ஒரு வாரத்துக்குப் புறக்கோட்டை முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

என் மகன் நகுலனுக்கு ஒன்பது வயது. முச்சக்கர வண்டிக்காரரோடு அவன் சிங்களத்தில் பேரம் பேசுவான், நான் பக்கத்தில் பையோடு நிற்பேன். கிரிக்கெட்டில் இந்தியா தோற்றால் எழுந்து ஆடுவான். "நீ பாதி இந்தியன்டா" என்றால், "மத்தப் பாதி ஆடுது" என்பான். அதையும் தாங்கிக்கொண்டேன். ஒருநாள் நான் அவனைத் திட்டிக்கொண்டிருக்கும்போது, "அம்மா, நீங்க கதைக்கேக்க ரிவி நாடகம் மாதிரியே இருக்கு" என்றான். அன்றைக்குத்தான் மனசு கொஞ்சம் சுருக்கென்றது. நான் பேசுவது அவனுக்கு நாடகத் தமிழ், அவன் பேசுவது எனக்குப் பக்கத்து வீட்டுத் தமிழ். ஆனால் பசிக்கும்போது இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் கத்துகிறோம் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

4

மலர் அக்காவின் மூன்றாவது பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வகுப்பில் ஒரு ஒத்திகை வைத்தேன். நான் பரீட்சைக்காரி. மேசையைத் திருப்பிப் போட்டு, மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மற்றவர்கள் சுற்றி இருந்தார்கள்.

உங்கள் பெயர் என்ன? சொன்னார். எங்கே இருக்கிறீர்கள்? சொன்னார். அங்கே என்ன பிடிக்கும்? கடல் பிடிக்கும், மாலையில் போய் நிற்பேன் என்றார். கேட்காததையும் சேர்த்துச் சொன்னார். எனக்கு நம்பிக்கை ஏறிக்கொண்டே போனது. உங்கள் கணவர் பெயர் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

அக்கா வாயை மூடிக்கொண்டார்.

கேள்வி விளங்கவில்லையோ என்று மெதுவாகக் கேட்டேன். இன்னும் மெதுவாகக் கேட்டேன். முகம் சிவந்து, கைக்குட்டையைத் திருகத் தொடங்கிவிட்டார். அதற்குப் பிறகு நான் கேட்ட சுலபமான கேள்விகளுக்கும் தடுமாறினார். கடல் பிடிக்கும் என்று சொன்ன அதே மனுஷிதானா என்று இருந்தது.

தர்ஷினிதான் என் காதருகில் வந்து சொன்னாள். "ரீச்சர், அக்கா அவற்ர பேர் சொல்ல மாட்டா."

"போன ரெண்டு தடவையும் இதேதானாக்கா?" என்று கேட்டேன்.

"ஓம் ரீச்சர்" என்றார். "கேள்வி கேக்கிற பிள்ளை திருப்பித் திருப்பிக் கேட்டது. எனக்கு இங்கிலீஸ் விளங்கேல்லை எண்டு நினைச்சுப்போட்டுது. பேந்து எனக்கு நடுங்கத் தொடங்கீட்டுது. கேட்டது ஒண்டும் காதில ஏறேல்லை."

கந்தோர்களுக்கு, அதாவது அரசு அலுவலகங்களுக்கு, போனால் கல்யாணச் சான்றிதழை நீட்டி விரலால் தொட்டுக் காட்டிவிடுவாராம். பரீட்சை அறைக்குள் எதையும் கொண்டுபோக விடுவதில்லை.

5

எனக்கு இதில் சிரிப்பு வரவில்லை. எங்கள் அம்மாவும் அப்பாவின் பெயரைச் சொன்னதில்லை. விருதுநகரில் ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயர் என்ன என்று கேட்பார்கள். அம்மா என் முதுகில் ஒரு குத்து விடுவார். நான் பாவாடையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போய் அப்பாவின் பெயரை இனிஷியலோடு உரக்கச் சொல்லுவேன். தெருவில் பெரியவர் பெயரை இப்படி அதட்டிச் சொல்ல எனக்கு மட்டுமே உரிமை இருக்கிறது என்று எனக்கு அவ்வளவு பெருமை. மலர் அக்காவுக்கு முதுகில் குத்த ஒரு பிள்ளை இல்லை.

ஆனால் எங்கள் வீட்டில் அந்த வழக்கம் அம்மாவோடு முடிந்துபோனது. நான் குமரனைக் குமரன் என்றுதான் கூப்பிடுகிறேன். வகுப்பு நடுவில் அவர் போன் வந்தால், "குமரன், அப்புறம் கூப்பிடறேன்" என்று வைப்பேன். முதல் தடவை இதைக் கேட்டபோது வகுப்பில் பாதிப் பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். இதையே எடுத்துக்காட்டாக வைத்து அக்காவிடம் வாதாடப் பார்த்தேன்.

"நான் நாள் முழுக்கப் பேர் சொல்லித்தான் கூப்பிடறேன் அக்கா. அவருக்குத் தொப்பைதான் வளருது, வேற ஒண்ணும் ஆகலை."

"அது உங்கட ஊர் ஆயுள் ரீச்சர், கெட்டி" என்றார்.

எல்லோரும் சிரித்து அடங்கிய பிறகு அவரே தொடர்ந்தார். "பேர் சொன்னா ஆயுள் குறையும் எண்டு என்ர அம்மா சொல்லுவா. பொய்யாத்தான் இருக்கும். எனக்கும் தெரியும். அவர் பக்கத்தில இருந்தா, சரி, ஒருக்காச் சொல்லித்தான் பாப்பம் எண்டு சொல்லியிருப்பன். போன வருசம் அவருக்கு நெஞ்சு நோ வந்து ஆஸ்பத்திரியில தனியக் கிடந்தவர். தண்ணி குடுக்க ஆளில்லை. அவ்வளவு தூரத்தில இருக்கிற மனுசனை வச்சு நான் என்னத்துக்கு ரீச்சர் சோதிச்சுப் பாக்கோணும்?"

நான் பேச்சில் தோற்று அதிகம் பழக்கமில்லாதவள். அன்றைக்குத் தோற்றேன். அவரிடம் போவதற்கு அவர் பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னால் அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். இந்த இடத்தில் மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லைப் போட்டு மூடிவிட எனக்கு மனம் வரவில்லை. பன்னிரண்டு வருடமாக ஒரு மனிதருக்குக் காவலாக அவர் செய்ய முடிந்தது இது ஒன்றுதான்.

"இன்னொரு தரம் தோத்தா என்ன செய்வீங்க அக்கா?"

"அவர் அலுத்துப்போவார்" என்றார் அக்கா. "போன கிழமை கதைக்கேக்க, நான் அங்க திரும்பி வரட்டோ எண்டு கேட்டவர். எல்லாத்தையும் விட்டுப்போட்டு வரட்டோ எண்டு. அந்த நெஞ்சு வருத்தத்தோட வந்து இஞ்ச என்ன செய்யிறது? வைத்தியம் எல்லாம் அங்கதானே."

மிச்ச நாட்களில் நான் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. பழைய பாடத்தையே நடத்தினேன். ஒலியைச் சொன்னேன், அவர்கள் எழுத்துக் கூட்டினார்கள். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

6

பரீட்சை நடந்தது கொள்ளுப்பிட்டிப் பக்கம் ஒரு கட்டடத்தில். நான் கூடப் போனேன். ஆசிரியர்கள் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து வாயசைத்துக்கொண்டே வந்தார். தேவாரம் சொல்கிறார் என்று நினைத்தேன். காதைக் கொடுத்துக் கேட்டால் ஆங்கில எழுத்துகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கீழே ஒரு கடையில் பிளேன்டீ வாங்கிக்கொண்டு காத்திருந்தேன். குடிக்கவில்லை. தெருவில் போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். எங்கள் ஊர் மாரியம்மனையும் விடவில்லை, கொட்டாஞ்சேனை அந்தோனியாரையும் விடவில்லை.

அக்கா இறங்கி வரும்போது குடையை விரிக்க மறந்து வெயிலில் வந்தார். முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"கேட்டாங்களா?"

"கேட்டது."

"என்ன செஞ்சீங்க?"

"நீங்கள் வகுப்பில செய்விக்கிறதைச் செய்தனான்" என்றார். "எழுத்துக் கூட்டினனான் ரீச்சர். எஸ், ஐ, வி, ஏ, பி, ஏ, எல், ஏ, என். ஆறுதலா, ஒவ்வொண்டாச் சொன்னனான். அந்தப் பிள்ளை எழுதிப்போட்டுத் தானே வாசிச்சுக் காட்டி, சரியோ எண்டு கேட்டது. ஓம், சரி எண்டனான். பேரைக் கொலை செய்துதான் வாசிச்சது. ஆனா அது வாசிச்சா அவருக்கு ஒண்டும் ஆகாதுதானே?"

"ஒண்ணுமே ஆகாதுக்கா" என்றேன்.

"பேந்து கடலைப் பற்றிக் கேட்டது. நான் நிப்பாட்டாமல் கதைச்சனான். அதுதான் போதும் எண்டு சொன்னது."

காலி வீதி நடைபாதையில், போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க, நான் அவரைக் கட்டிக்கொண்டேன். இந்த யோசனை எனக்கு வரவில்லை. மேசையைத் திருப்பிப் போட்டு, கண்ணாடியை இறக்கி, மாடி அறையில் அத்தனை அதிகாரம் செய்த எனக்கு வரவில்லை. ஆனால் எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்தது நான்தானே? அந்தப் பெருமையில் பாதியை நான் எடுத்துக்கொண்டேன். அக்காவும் தடுக்கவில்லை.

முடிவு வந்த அன்று வகுப்புக்குப் பெட்டி நிறைய பால்டொஃபி கொண்டுவந்தார். தர்ஷினி அதைத் தின்றுகொண்டே, கனடாவுக்குப் போய் மாப்பிள்ளையை எழுத்துக் கூட்டித்தான் கூப்பிடப் போகிறேன் என்றாள். "அவற்ர பேர் நீளம் ரீச்சர். நான் கூட்டி முடிக்கிறதுக்குள்ள புட்டு அவிஞ்சிடும்."

7

விசா வந்து, அக்கா போய்விட்டார். மாடி அறையில் கடைசி பெஞ்சில் இப்போது புதிதாக ஒரு பெண் இருக்கிறாள், ஆஸ்திரேலியாவுக்கு. என் வேலை அப்படி. நன்றாகச் சொல்லிக்கொடுத்தால் பெஞ்சு காலியாகும். ஊரில் வாத்தியார்களுக்குப் பழைய மாணவர்கள் தெருவில் எதிர்ப்பட்டு வணக்கம் சொல்வார்கள். எனக்கு எல்லா வணக்கமும் வட்ஸ்அப்பில்தான் வருகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பகல் சமையல் நடக்கும்போது லண்டனிலிருந்து அக்காவின் அழைப்பு வந்தது. கரண்டியோடு போனைப் பிடித்தேன். சாப்பாடு, குளிர், பஸ் எல்லாம் கேட்டேன். பஸ்காரரோடு இங்கிலீஷில் கதைத்ததாகச் சொன்னார். எனக்கு உச்சி குளிர்ந்தது. பிறகு, விமான நிலையத்தில் வந்து கூட்டிப்போனாரா என்று கேட்டேன்.

"வந்தவர் ரீச்சர். ஆனா நான் வெளியில வரேக்க அவர் மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு நிண்டவர். கையில எனக்கெண்டு ஒரு குளிர்ச்சட்டை. தலை எல்லாம் நரைச்சுப் போச்சு. போனில பாக்கேக்க அவ்வளவு தெரியேல்லை. சனமெண்டா அப்பிடிச் சனம். நான் இருந்த இடத்திலயே நிண்டு, இஞ்சாருங்கோ எண்டு கூப்பிட்டன்."

எங்கள் ஊர் 'என்னங்க'தான் இந்த இஞ்சாருங்கோ. "திரும்பினாரா?"

"ஆறேழு தமிழ் ஆம்பிளையள் திரும்பினவை. இவர் திரும்பேல்லை." அக்கா சிரித்தார். "எத்தினை வருசம் ஒருத்தரும் அப்பிடிக் கூப்பிட்டிருக்க மாட்டினம். போனில கதைக்கிறதுக்குக் கூப்பிடத் தேவையில்லைத்தானே. அவருக்கு அது தன்னை எண்டு விளங்கேல்லை."

அடுப்பைக் குறைத்தேன். "அப்புறம் என்ன செஞ்சீங்க? எழுத்துக் கூட்டினீங்களா?"

"இல்லை ரீச்சர். பக்கத்தில வந்திட்டன்தானே" என்றார். "பேரைச் சொல்லிக் கூப்பிட்டன். ஒருக்காத்தான். பலமா."

"அக்கா!"

"உடன திரும்பினவர். திரும்பி, என்னை நேர பாத்துச் சிரிச்சவர். பாத்திட்டு, எனக்குப் பிறத்தால நிண்ட சனத்தை எட்டிப் பாத்துக்கொண்டு, 'இஞ்ச ஆரோ என்ர பேரைக் கூப்பிட்டவை' எண்டு என்னட்டயே சொன்னவர் ரீச்சர்."